சும், திரும்பி வா!

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேசப்போற ஊர் சும்கயித், அசர்பைஜான்ல காஸ்பியன் கடலோரத்துல, தலைநகர் பாகுவுக்கு வடமேற்கே ஒரு 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பாகு, கஞ்சா, சும்கயித், இந்த மூணுதான் அந்த நாட்டுல பெரிய ஊருங்க (ஆமா, கஞ்சான்னே ஒரு ஊர் இருக்கு, சிரிக்காதீங்க).

பேருக்கு ஒரு கதை சொல்றாங்க. ஆத்துத் தண்ணியை ஒரு பூதம் மறிச்சு வெச்சிருந்துச்சாம், சும்னு ஒரு வாலிபன் போய் அதைக் கொன்னான், ஆனா அடைபட்டிருந்த தண்ணி திமுதிமுன்னு வந்து அவனையே அடிச்சுட்டுப் போயிருச்சு. அவனோட காதலி ஜெய்ரான் கரையில நின்னு "சும், கயித்!"னு கத்துனாளாம். கயித்னா திரும்பி வா.

கதை பழசு, ஊர் புதுசு. அசர்பைஜான் அப்போ சோவியத் யூனியன்ல ஒரு பகுதி, 1930கள்ல பாகு எண்ணெய்க்கு மின்சாரம் வேணும், குழாய் வேணும்னு மாஸ்கோவுல பிளான் போட்டாங்க, நடுவுல உலகப்போர் வந்து வேலை நின்னுச்சு, அப்புறம் 1949 நவம்பர் 22ல நகர அந்தஸ்து குடுத்துட்டாங்க. எண்ணெய்க் கிணத்துல இறக்குற இரும்புக் குழாய், அலுமினியம், செயற்கை ரப்பர், குளோரின், பூச்சிமருந்துன்னு ஆலை மேல ஆலை. நம்ம ஊருங்க கோயிலையோ சந்தையையோ சுத்தி வளரும்ல, இது புகைபோக்கியைச் சுத்தி வளர்ந்துச்சு.

விலை யார் குடுத்தா? உச்சத்துல இருந்தப்போ வருஷத்துக்கு 70,000லேர்ந்து 1,20,000 டன் வரைக்கும் நச்சு காத்துல கலந்துச்சுன்னு கணக்கு. குளோரின் எடுக்க பாதரசம் யூஸ் பண்ணாங்க, அந்தக் கழிவு மண்ணுல அப்படியே தங்கிருச்சு. புற்றுநோய் நாட்டுச் சராசரியை விட 22லேர்ந்து 51 சதவீதம் வரைக்கும் ஜாஸ்தி. குழந்தைங்களுக்குன்னே கல்லறை இருக்கு அங்க, சின்னச் சின்னக் கல்லா வரிசையா நிக்கும், அந்த போட்டோவைப் பாத்துட்டு என்னால அதுக்கு மேல படிக்க முடியல. 2007ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட 10 இடம்னு, மாசு பத்தி ஆராயுற அமெரிக்காவோட பிளாக்ஸ்மித் நிறுவனம் ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல இதுவும் ஒன்னு, கூடவே நம்ம குஜராத் வாபியும் ஒடிசா சுகிந்தாவும் இருந்துச்சு, அதனால அடுத்தவன் ஊர்க் கதைன்னு யாரும் நினைச்சுராதீங்க.

இன்னொன்னையும் சொல்லாம விட்டா தப்பு. 1988 பிப்ரவரி கடைசியில மூணு நாள் இங்க அர்மீனியர்களைத் தேடித்தேடி அடிச்சாங்க. அரசு கணக்குப்படி செத்தது 32 பேர், அதுல 26 பேர் அர்மீனியருங்க. அதுக்கப்புறம் அந்த சமூகமே ஊரை விட்டுப் போயிருச்சு, பக்கத்து நாடான அர்மீனியாவுலேர்ந்தும், ரெண்டு தரப்பும் எங்களுதுன்னு சண்டை போட்ட கராபாக் பகுதியிலேர்ந்தும் துரத்தப்பட்ட அசர்பைஜான்காரங்க இங்க வந்து தங்குனாங்க. இதுல கொடுமை என்னன்னா, இந்த ஊரோட அடையாளமே 1978ல வெச்ச சமாதானப் புறா சிலைதான்.

சோவியத் உடைஞ்சதும் பாதி ஆலை துருப்பிடிச்சு நின்னுச்சு. காத்து சுத்தமானதுக்கு அது ஒரு முக்கியக் காரணம், யாரோ திருந்திட்டாங்கன்னு எல்லாம் இல்ல. 2011ல கெமிக்கல் பார்க்னு திரும்ப ஆரம்பிச்சாங்க, 2018ல பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்ற பெரிய ஆலை ஓட ஆரம்பிச்சுது. இப்போ கடற்கரையில நீளமா பூங்கா, சாயங்காலம் குடும்பம் குடும்பமா நடக்குறாங்க. 2015லேர்ந்து பாகுவுக்கு டபுள் டெக்கர் ரயில் ஓடுது, காலையில ஏறிப்போய் பாகுவுல வேலை பாத்துட்டு ராத்திரி திரும்பி வர்றவங்க நிறைய.

சரி, டீ வந்துருச்சு, மிச்சத்தை நீங்க கேள்வியா கேளுங்க.