வரி மாறினால் முழு மென்பொருளையும் ஏன் திருத்த வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். மூல மென்பொருளைத் தொடாமலே அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்ற உதவும் செருகுநிரல் பற்றியே இன்றைய பேச்சு.

இலங்கையில் 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் அது 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் ஏறியது. 2019 டிசெம்பரிலேயே தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதமாகப் புதிதாய் வந்து சேர்ந்தது. புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்குப் பற்றுச்சீட்டு அச்சிட்டுத் தரும் மென்பொருள் இத்தனைக்கும் ஈடுகொடுத்திருக்க வேண்டும்.

வீதம் மட்டும் மாறினால் அது பெரிய வேலையன்று; அமைவுக் கோப்பில் ஓர் எண்ணைத் திருத்தினால் முடிந்தது. ஆனால் ஒரு வரி நீங்கி இன்னொன்று வருவதும், விலக்குப் பெற்றிருந்த பொருள்கள் அவ்விலக்கை இழப்பதும் கணக்கிடும் முறையையே மாற்றிவிடுகின்றன. அந்த முறை பற்றுச்சீட்டிலும், சரக்குத் திரும்பலிலும், மாத அறிக்கையிலுமாகச் சிதறிக் கிடந்தால், பொறியியலாளர் எல்லா இடங்களையும் தேடித் திருத்தி, முழு மென்பொருளையும் மறுபடி சோதித்து, ஒவ்வொரு கடைக்கும் கொண்டுசெல்ல நேரிடும்.

மென்பொருளை வேலையின் படிநிலைகளைப் பார்த்துப் பிரிக்காமல், எந்த முடிவுகள் பின்னர் மாறக்கூடும் என்று பார்த்து, அவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இலேயே எழுதினார். பிளகின் எனப்படும் செருகுநிரல் இதிலிருந்து ஒரு படி மேலே செல்கிறது: மூல மென்பொருளைத் தொடாமலே அந்தக் கூறை மட்டும் மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம்.

நம் எடுத்துக்காட்டில், மூல மென்பொருள் ஓர் இடைமுகத்தை, அதாவது செருகுநிரல் நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தத்தை, மட்டும் அறிவிக்கிறது: பொருள், தொகை, விற்பனைத் திகதி ஆகிய மூன்றையும் கொடுத்தால் செருகுநிரல் வரித் தொகையைக் கணக்கிட்டுத் தர வேண்டும். திகதியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பழைய வீதத்தில் விற்ற சரக்கு திரும்பி வரும்போது பழைய கணக்கே வேண்டும் என்பதால், புதிய செருகுநிரல் வந்த பின்னும் பழையது அதன் அருகிலேயே இருந்தாக வேண்டும்.

மென்பொருள் தொடங்கும்போது குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் திறந்து, அங்குள்ள செருகுநிரல் ஒவ்வொன்றின் பெயரையும் பதிப்பையும் படித்து, அவற்றை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஜாவா மொழியில் இதன் எளிய வடிவம், 2006இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே சேர்விஸ் லோடர் என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால் ஒரு செருகுநிரல் பயன்படுத்தும் நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, மற்றொன்றினுடையவற்றிலிருந்து பிரித்து வைக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை. பி.எஃப்.4.ஜே. போன்ற இலகுவான கட்டமைப்புகள் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் நிரலை நினைவகத்தில் ஏற்றும் தனிக் கிளாஸ் லோடர் ஒன்றைக் கொடுப்பதால், ஒரே நூலகத்தின் இரு வேறு பதிப்புகள் மோதிக்கொள்ளாமல் இயங்குகின்றன. இடைமுகம் மட்டும் மூல மென்பொருளிலிருந்தே வர வேண்டும். செருகுநிரல் தன் பொதியில் அதன் பிரதியொன்றையும் வைத்திருந்து அதையே ஏற்றினால், பெயர் ஒன்றாயிருந்தும் ஜாவா அவற்றை இரு வேறு வகைகளாகக் கருதி, இயங்கும்போது மறுத்துவிடும். புதியவர்கள் திகைத்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய ஏற்பாடுகளும் உண்டு. வீட்டு இணைப்புக் கருவிகளை மனதில் வைத்து 1999இல் தொடங்கப்பட்ட, ஜாவா மென்பொருளைக் கூறுகளாகக் கட்டுவதற்கான ஓ.எஸ்.ஜி.ஐ. தரத்தை, நிரலெழுதும் கருவியான எக்லிப்ஸ் 2004இல் தன் மூன்றாம் பதிப்புக்கு அடித்தளமாக்கியது. கொழும்பில் பொறியியல் பணி நடக்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் கார்பன் தளமும் அதன்மீதே எழுந்தது. நூற்றுக்கணக்கான கூறுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் தளங்களுக்கு அது பொருந்தும். கடைக் கணக்குக்கு அத்தனை நுணுக்கம் சுமையே. இயங்கிக்கொண்டிருக்கும்போதே செருகுநிரலைக் கழற்றும் வசதியைப் பற்றியும் எனக்கு இதே கருத்துத்தான்: மென்பொருளுக்குள் இணையாக ஓடும் ஏதேனும் ஒரு திரெட், நினைவகத்திலுள்ள அதன் ஒப்ஜெக்ட் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாலே நினைவகம் விடுபடாது. கடையோ இரவில் மூடுகிறது. காலையில் மென்பொருளை மீண்டும் தொடக்கினால் போதும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. தனிக் கிளாஸ் லோடர் பெயர்களைப் பிரிக்கிறதே தவிர, அதிகாரங்களைப் பிரிப்பதில்லை. செருகுநிரல் மூல மென்பொருளின் அதே செயன்முறைக்குள் இயங்குவதால், அது எட்டும் கோப்புகளையெல்லாம் இதுவும் எட்டும். ஜாவாவில் அதிகாரங்களைக் கட்டுப்படுத்தவென இருந்த செக்கியூரிட்டி மனேஜரும் 2021இல் வந்த 17ஆம் பதிப்பில் கைவிடப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டுவிட்டது. எனவே அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்து, மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்ட கோப்புகளை மட்டுமே ஏற்ற வேண்டும்.

கடைசியாக, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. கட்டமைப்பைத் தெரிவு செய்வதிலிருந்து அன்று. முதலில் வரிக் கணக்கு முழுவதையும் ஒரே இடைமுகத்தின் பின்னால் ஒதுக்குங்கள். அதற்கு இரண்டாவது வடிவம் ஒன்று உண்மையில் தேவைப்படும் நாளில் செருகுநிரல் கோப்புறையும் அதிலிருந்து ஏற்றும் நிரலும் வரட்டும். அதன்பின் இடைமுகத்திலுள்ள செயற்கூற்றை நீக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. புதியது தேவையெனில், 2014இல் வந்த ஜாவா 8 முதல் அனுமதிக்கப்படும் இயல்புநிலைச் செயற்கூறாக, அதாவது இடைமுகத்திலேயே செயலாக்கமும் எழுதப்பட்ட ஒன்றாக, அதைச் சேர்த்தால், பழைய செருகுநிரல்கள் திருத்தமின்றித் தொடர்ந்து இயங்கும்.

நன்றி, வணக்கம்.