ஹோம்ல சேர்க்குறதுக்கு முன்னாடி: வடசென்னையில முதியோர் இல்லம் தேடுறவங்களுக்கு

[காட்சி: பெரம்பூர் பக்கம் ஒரு தெரு, இரண்டு மாடி வீடு, வாசலில் இல்லத்தின் பெயர்ப் பலகை]

ஹோமுக்கு ஃபோன் பண்ற எல்லாரும் முதல்ல கேட்கிறது, "மாசம் எவ்ளோ?" அது ரெண்டாவது கேள்வி. முதல்ல கேட்க வேண்டியது, "எங்க அம்மா எழுந்து நடக்க முடியாம போயிட்டா வெச்சுப்பீங்களா?"

ஏன்னா, நிறைய கட்டண ஹோம்ல தன் வேலையைத் தானே செய்றவங்களை மட்டும்தான் சேர்ப்பாங்க. படுத்த படுக்கை ஆயிட்டா, "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு ஃபோன் வரும். அட்மிஷன் ஃபார்ம்ல அந்த வரி எங்கயாவது இருக்கும், தேடிப் படிங்க. மூக்குல டியூப், யூரின் பை இருந்தா, இருபத்திநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்கிற இடம்தான் சரிப்படும். மறதி நோய்னா, ராத்திரி கேட்டைப் பூட்டி ஒரு ஆள் முழிச்சிருக்கணும். பணம் கட்ட வழியில்ல, பார்க்க ஆளும் இல்லைன்னா, முதியோர் உதவி எண் 14567க்கு அடிங்க. காலைல 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் எடுப்பாங்க, இலவசம்.

[காட்சி: குளியலறைக் கதவு, கைப்பிடி]

பகல்ல சுத்திக் காட்டினா எல்லா ஹோமும் அழகாத்தான் இருக்கும். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு, சொல்லாம போங்க. ராத்திரி ட்யூட்டில எத்தனை ஆயா, அவங்க பொறுப்புல படுக்கைல எத்தனை பேர்னு கேளுங்க. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்பக்கமாத் திறந்தா, விழுந்தவரே கதவை அடைச்சுக்கிட்டுக் கிடப்பார், யாரும் உள்ள போக முடியாது. கம்மோடு பக்கத்துக் கைப்பிடியைப் பிடிச்சு உங்க முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்க. துண்டு போடுற கம்பியைக் காட்டி ஏமாத்துறதும் உண்டு.

[காட்சி: குதிகால், நெருக்கத்தில்]

படுத்த படுக்கைன்னா புண்ணுதான் பெரிய தலைவலி. ஏர் பெட் இருந்தாலும் பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டணும். புரட்டின நேரத்தை எழுதி வெக்கிற சார்ட்டைக் கேளுங்க. வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்துன்னா, மொத்தமா உட்கார்ந்து எழுதினதுதான். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகு முடியுற இடம், இந்த மூணையும் போறப்ப எல்லாம் பாருங்க. சிவந்த இடத்தை அழுத்தி விட்டா வெளுக்கணும். வெளுக்கலைன்னா புண் ஆரம்பிச்சிடுச்சு. கறுத்த தோல்ல நிறம் தெரியாது. சுத்தி இருக்கிற தோலை விட சூடா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க.

இனி நம்ம ஏரியா விஷயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல தரைத்தளத்துல தண்ணி வந்துச்சா, படுக்கைல இருந்தவங்களை எங்க ஏத்தினாங்கன்னு கேளுங்க. ஹோம்காரரை விட எதிர்க்கடைக்காரர் சரியாச் சொல்வார். ரயில்வேல ரிட்டயர் ஆகி மருத்துவ அட்டை வெச்சிருக்கவங்க, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் பக்கமாப் பாருங்க. தண்டையார்பேட்டை, ராயபுரம்னா ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி கிட்ட.

பணம்: போன மாசம் ஒருத்தருக்குப் போட்ட முழு பில்லைப் பேரை மறைச்சுக் காட்டச் சொல்லுங்க. டயாப்பர், நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் தனித்தனியா ஏறியிருக்கும். அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்ப வரும்னு எழுத்துல வாங்குங்க.

வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதுறவங்க, "கடைசி வரை பார்த்துக்கணும்"ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே போடுங்க. பார்த்துக்கலைன்னா, பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தோட 23-வது பிரிவுல கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துல மனு போட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

சேர்க்கிற அன்னிக்கு ஆதார், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாத்துலயும் ரெண்டு ஜெராக்ஸ் எடுங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு நர்ஸ் மேஜைல. ஆபீஸ் ரூம் பீரோல வெச்சுப் பூட்டிட்டா, ராத்திரி 108 வரும்போது சாவி இருக்காது.