மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள்

வணக்கம் மக்களே. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஈபி மீட்டர் பெட்டி முன்னால் நின்று பேசுகிறேன். கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லோரும் லைட்டை அணை, ஃபேனை அணை என்றுதான் சொல்வார்கள். எதை அணைத்தால் எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் கருவி நம் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள்.

இந்தச் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது, தெரிகிறதா? பக்கத்தில் பொடி எழுத்தில் 3200 என்று போட்டிருக்கிறது. 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட், அதாவது 1000 வாட் ஒரு மணி நேரம் இழுக்கும் கரண்ட், ஓடியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மீட்டரில் 1600 என்றோ 6400 என்றோ இருக்கலாம். பெட்டியைத் திறக்கவோ தொடவோ வேண்டாம், வெளியில் இருந்து பார்த்தாலே போதும்.

இப்போது வீட்டில் ஹால் ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறது. அது பழைய மாடல். ஃப்ரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றி வைத்திருக்கிறேன். ஒரு தடவை மின்னி, அடுத்த தடவை மின்ன எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்போம். சரி, 15 விநாடி. 3200 மீட்டருக்கு 1125-ஐ அந்த விநாடியால் வகுக்க வேண்டும். 1125-ஐ 15-ஆல் வகுத்தால் 75. இந்த ஃபேன் 75 வாட் இழுக்கிறது. உங்களுடையது 1600 மீட்டர் என்றால் 1125-க்குப் பதில் 2250 போட்டுக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன், இருந்தால் அது 30 வாட் அளவில்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடும் ஃபேனில் இந்த வித்தியாசம் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்தில் 43 யூனிட், ஒரே ஒரு ஃபேனில்! எல்லா ஃபேனையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள், விருந்தாளி அறை ஃபேன் அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஃபேனை நிறுத்திவிட்டு செட்டாப் பாக்ஸ் பிளக்கை மட்டும் போடுகிறேன். ரிமோட்டில் ஆஃப் செய்துதான் இருக்கிறது. ஆனாலும் விளக்கு மின்னுகிறது, பாருங்கள். ஒரு தடவை மின்னி அடுத்த தடவை மின்ன இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது, அதாவது 10 வாட் அளவு. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் இது நாள் முழுக்க ஓடுகிறது, இரண்டு மாதத்தில் 14 யூனிட். தூங்கப் போகும்போது பிளக் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். போன் சார்ஜர் சும்மா சொருகியிருப்பதற்கும் மிக்ஸி ஓடுவதற்கும் வீட்டில் சண்டை போட வேண்டாம். மிக்ஸி 750 வாட்தான், ஆனால் அது ஓடுவது ஐந்து நிமிடம்.

இந்தப் பத்து, நாற்பது யூனிட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காரணம் தமிழ்நாட்டுக் கட்டண முறை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016-இல் வந்தது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட் மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அப்புறம் கட்டணம் ஏறியிருக்கிறது, எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் 500-ஐ ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு அந்த ஒரு ஃபேனும் ஒரு செட்டாப் பாக்ஸும்தான் பில்லைத் தீர்மானிக்கிறது. நடுத்தரக் குடும்பத்தில் அந்த 233 ரூபாய் நான்கைந்து நாள் பால் வாங்கும் காசு, அதை விட்டுவிடக் கூடாது.

ஏசி இருக்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஏசியைத்தான். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மின் சிக்கனத்தைக் கவனிக்கும் மத்திய அரசின் பிஇஇ அமைப்பு சொல்கிறது. 20-இல் போட்டுப் போர்வை போர்த்துவதற்கு, 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக விடலாம். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

மோட்டாரையும் கவனியுங்கள். ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் அளவு இழுக்கும். டேங்க் நிரம்பி வழிகிற ஒவ்வொரு அரை மணி நேரமும் அரை யூனிட் போகிறது, தண்ணீரும் போகிறது.

அப்புறம், ரீடிங் எடுத்த தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். சரியாக முப்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 250-க்கு மேல் வந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது, ஏசி நேரத்தைக் குறைத்து 500-க்குள் கொண்டுவந்துவிடலாம். உங்கள் வீட்டு ஃபேன் எத்தனை விநாடிக்கு ஒரு தடவை மின்னியது என்று கீழே எழுதுங்கள், எத்தனை வாட் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.