தடவுவதற்கு முன் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தியாவில் பனி கொட்டும் மார்கழியும் தையும் நமக்கு இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடுங்கோடை. வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அக்குள், தொடை இடுக்கு, பாவாடை நாடா அழுத்தும் இடுப்பு என்று வேர்வை தேங்கும் இடங்களில் படர்தாமரை வரும். அது வட்டமாகப் பரவும். ஓரம் மேடிட்டுச் செதில் விட்டிருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். நம்முடைய தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, பழுப்பாகத்தான் தெரியும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள்.

இது பூஞ்சையால் வருவது. குளோட்ரிமசோல் களிம்பை வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, காலையும் மாலையும் தடவ வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டம் விழுந்தால் களிம்பு உள்ளே இறங்காது. மருத்துவர் தரும் மாத்திரைதான் வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த டியூபைத் தடவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. அதில் பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், ‘நல்ல மருந்து’ என்று பெயரும் வாங்கிவிடும். ஆனால் தோலின் எதிர்ப்பு அடங்கிப்போவதால் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. வட்டத்தின் ஓரமும் அழிந்துவிடுவதால் கிளினிக்கில் பார்க்கும் எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாய்க் கிழிந்த தழும்புகள் விழும். அவை மறையவே மாட்டா. கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோய்க்கு இதே ஸ்டீராய்டு அருமையான மருந்து. எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் இன்னும் பெரிய கொடுமை. ஹைட்ரோகுவினோன் கலந்த க்ரீம்களை ஆண்டுக்கணக்கில் பூசிய பெண்களின் கன்னத்தில் நீலங்கலந்த கருமை படிவதை 1975இல் எழுதி வெளியிட்டவர்கள் தென்னாப்பிரிக்க மருத்துவர்களே. 1990இல் இந்த நாடு அழகுசாதனங்களில் அந்த மருந்தைத் தடை செய்தது. இருந்தும் பெயரில்லாத டப்பாக்கள் சந்தையில் கைமாறுகின்றன. மங்கு விழுந்த கன்னத்துக்கு முதல் மருந்து வெயில் படாமல் காப்பதுதான். கல்யாணப் பெண்ணுக்கு நிறம் கூட்ட வேண்டும் என்று பேசுகிற அத்தைமார்களே, தயவுசெய்து அந்தப் பேச்சை விடுங்கள்.

கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால், அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பிள்ளை பாவம். பெரும்பாலும் அது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. நீரிழிவு நம் குடும்பங்களில் எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். சோப்பை வைத்துவிட்டு இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

தேமலுக்குப் பயம் வேண்டாம், அது ஒட்டாது. மருந்து போட்ட பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். ஆனால் வெளிறிய இடத்தில் தொடு உணர்ச்சி இல்லை என்றால் உடனே காட்டுங்கள். தொழுநோயாக இருந்தாலும் 6 அல்லது 12 மாத மாத்திரையில் குணமாகும். இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் சிறு பொரிகள் இருந்தால் சிரங்கு. வீட்டில் அரிக்காதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்று நம்புகிறோம். ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலின் நகத்தடியில்தான் வந்தது. 1981இல் 36 வயதில் இறந்துபோனார். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் புதிதாகக் கருமை தோன்றினாலோ, அகலமானாலோ காத்திருக்காதீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது பவுடரும் மஞ்சளும் பூசாமல் போங்கள். வீட்டில் தடவிய டியூப் அத்தனையையும், பெயர் இல்லாததையும், பையில் எடுத்துச் செல்லுங்கள். முகத்தில் பல மாதமாக ஸ்டீராய்டு போட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் பொங்கி எரியும். எப்படிக் குறைப்பது என்று அவர்கள் வழி சொல்வார்கள். அரசுக் கிளினிக்கில் இதற்குக் கட்டணம் கிடையாது.

நன்றி, வணக்கம்.