நர்ஸம்மா வந்திருக்காங்க

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. "நர்ஸம்மா வந்திருக்காங்க" என்று வாசலில் ஒரு குரல் கேட்கும், அவ்வளவுதான். சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அத்தனை வீட்டிலும் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால், "தினமும் சாப்பிடுறேன்க்கா" என்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடும்மா என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னாலேயே அடுப்படிக்குள் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள், ஒன்றைக்கூடப் பிரிக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள்.

அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். "அதைத் தின்னா புள்ள கறுப்பாப் பொறக்குமாம்ல, வெளிக்கும் கறுப்பாப் போகுதாம்" என்றார். மலம் கறுப்பது உண்மைதான். உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது. இதை அப்புறம் சொன்னேன். முதலில், "உங்களுக்கு எத்தனை பிரசவம்க்கா?" என்று கேட்டேன். நான்கு என்றார். மூன்றாவதில் உதிரம் நிற்காமல் போய், கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. ரத்தம் குறைவாக இருக்கிற பிள்ளைக்கு அப்படி ஆனால் தாங்கமாட்டாள் என்று சொன்னேன். அன்று ராத்திரியிலிருந்து சாப்பாட்டுக்கு அப்புறம் அவரே மாத்திரையைக் கையில் வைத்து, மருமகள் விழுங்கும்வரை பக்கத்தில் நின்றார். டீ, காபியோடு போட்டால் சத்து சரியாகச் சேராது என்று சொல்லியிருந்தேன், அதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார். ஒன்பதாம் மாதம் 10.6.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நிறைய நேரம் பதிவேட்டிலும் கைபேசியில் பதிவேற்றுவதிலும் போய்விடுகிறது. பதிவு வேண்டும்தான். ஆனால் அடுப்படிவரை போக நேரம் இல்லையென்றால் அந்த ரப்பர் பேண்ட் யார் கண்ணில் படும்?

பிள்ளை பிறந்த பிறகு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, பச்சை உடம்பு என்று தாய்க்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பது, இதெல்லாம் அந்த முதல் வாரத்தில்தான் நடக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுகிற பெண்ணைக் காத்துக்கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி தூங்கினாயா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் கை நழுவிப் போகிற இடம் ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். எங்கள் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பாள். அந்த ஊர் நர்ஸுக்கு அவள் வந்திருப்பதே தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அப்படி யாராவது கிளம்பத் தயாராக இருந்தால், இன்றைக்கே உங்கள் நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டு எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லிவிடுங்கள். தாய்சேய் நல அட்டையைத் துணிப்பையில் மேலாக வையுங்கள்.

நன்றி, வணக்கம்.