மலை வீட்டின் ஈரம்

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று நீலகிரியில் எங்கே குடியிருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்த கதை. ஐப்பசி பிறந்தால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினால் பின்சுவரில் கறுப்பாகப் பூசணம்.

உடனே ஹீட்டரைப் போடுகிறோம். ஈரம் போன மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீட்டை விட்டுப் போகவில்லை. ராத்திரி ஹீட்டரை அணைத்ததும் அதே தண்ணீர் ஜன்னல் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும். கேஸ் ஹீட்டர் இன்னும் மோசம்; மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து என்பது தனி. எரிவாயு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. யோசித்துப் பாருங்கள், 20 லிட்டர்! ஒரு முழுத் தண்ணீர் கேன். சமையல் அடுப்புக்கும் இதே கணக்குதான். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று போகிற வீட்டிலெல்லாம் நான் சொல்வது இதனால்தான்.

சரி, காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் மெஷினான டீஹியூமிடிஃபையருக்கு வருவோம். கம்ப்ரஸர் வைத்தது ஒரு வகை. உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாயில் காற்றின் ஈரம் படிந்து தொட்டியில் சொட்டும். இன்னொன்றில் ஈரம் உறிஞ்சும் ஜியோலைட் சக்கரம் சுற்றும். பெட்டியின் மேல் 'நாளொன்றுக்கு 12 லிட்டர்' என்று போட்டிருப்பார்கள். கம்ப்ரஸர் வகைக்கு அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த அளவு. சென்னைக்குச் சரி. ஊட்டியில் மார்கழிக் குளிரில் குழாயிலேயே பனி கட்டிக்கொள்ளும். அதை உருக்க மெஷின் நின்று நின்று ஓடும். ஜியோலைட் வகைக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் கூடுதலாக இழுக்கும்தான். ஆனால் அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்குகிறது, மலையில் அது லாபம். மலைக்கு நான் சொல்வது ஜியோலைட்தான். கீழே மேட்டுப்பாளையத்தில் இருப்பவர்கள் கம்ப்ரஸர் வகையை வாங்கலாம். ஏசி இருந்தால் முதலில் அதன் டிரை மோடைப் போட்டுப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் ஈரப்பதமானி ஒன்று வாங்கி, பீரோ பக்கம் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூசணம் அடங்கும்.

துணி டிரையர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். குழாய் வைத்த டிரையர் என்றால் குழாயை வீட்டுக்கு வெளியே விடுங்கள். அறைக்குள் விட்டால் துணியின் ஈரமெல்லாம் சுவருக்குத்தான் போகும். அப்புறம், ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகள் பீரோவுக்குப் போதும், அறைக்கு ஆகாது. நிரம்பியதும் துணியில் சிந்தாமல் எடுத்துவிடுங்கள். வணக்கம்.