கூலிங் காயிலுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் என்ன தொடர்பு?

நேயர்களுக்கு வணக்கம். கார் சர்வீஸ் சென்டர்களில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். முதலில் மெக்கானிக், அப்புறம் சூப்பர்வைசர், கடைசிப் பத்து வருடம் வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்து ஜாப் கார்டு (காரின் குறையையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் தாள்) எழுதும் சர்வீஸ் அட்வைசர். வெளிக்கடையில் ஏதாவது மாட்டிய காருக்கு வாரண்டி கேட்டுப் போனால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

போன சித்திரையில் திருப்பூரிலிருந்து என் சித்தி மகன் போன் செய்தான். கொளுத்துகிற வெயில், காரில் ஏசி குளிரவில்லை. கார் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது. ஆனால் வாங்கும்போதே தனியாகப் பணம் கட்டி எடுத்த எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கூலிங் காயில் லீக் என்று சொல்லி 23,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாரண்டி கேட்டதற்கு, "வெளியே மியூசிக் சிஸ்டம் மாட்டியிருக்கிறீர்கள். வண்டி மாடிஃபை ஆகிவிட்டது. வாரண்டி மொத்தமாகப் போய்விட்டது" என்று பதில்.

இந்த வாசகத்தை அந்த மேசையில் இருந்த காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். மேலே இருப்பவர்கள் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். எத்தனை பேர் அதைக் கேட்டுப் பேசாமல் பணம் கட்டிவிட்டுப் போனார்கள் என்பது இப்போதும் மனதை உறுத்துகிறது.

கூலிங் காயில் என்பது டேஷ்போர்டுக்குள் ஆழத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியப் பாகம். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும். தூசியும் சேர்ந்து, வருடக்கணக்கில் அலுமினியத்தை அரிக்கும். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், குளிர வைக்கும் ஏசி கேஸ் மெதுவாக வெளியேறிவிடும். அதை மாற்றப் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். பாகத்தின் விலைக்குச் சமமாக லேபர் சார்ஜ் வருவது அதனால்தான். மியூசிக் சிஸ்டம் மாட்ட நடுவிலிருக்கும் முகப்பைக் கழற்றினால் போதும். நாலு கிளிப், நாலு ஸ்க்ரூ. அந்த வேலையில் காயில் பெட்டியைக் கை தொடக்கூட வேண்டியதில்லை.

தம்பியிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "எந்த மாற்றம், எந்தப் பாகத்தை, எப்படிக் கெடுத்தது? இதை ஜாப் கார்டிலேயே எழுதிக் கொடுங்கள் என்று கேள். சண்டை போடாதே." கேட்டான். வாயால் சொன்ன அட்வைசர் எழுத மறுத்துவிட்டார். உடனே படங்களும் ஜாப் கார்டு எண்ணும் சேர்த்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் அனுப்பினான். பத்து நாளில் காயிலும் லேபரும் வாரண்டியில் சேர்ந்தன. கேஸுக்கு மட்டும் அவன் பணம் கட்டினான்.

ஆனால் அதே நாளில் அவன் கேட்ட இன்னொன்று கிடைக்கவில்லை. கிடைக்கவும் கூடாது. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்றான். கழற்றிப் பார்த்தால் கப்ளர், அதாவது பல்பை ஒயரோடு இணைக்கும் சொருகி, உருகியிருந்தது. கம்பெனி கொடுத்தது 60/55 வாட் பல்பு. இவன் ரிலே (பேட்டரியிலிருந்து தனி ஒயரில் மின்சாரம் கொடுக்க உதவும் சுவிட்ச்) இல்லாமல் 100/90 வாட் பல்பை மாட்டியிருந்தான். 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும், 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். மெல்லிய ஒயர் அந்தச் சூட்டைத் தாங்காது. அதிக வாட் பல்பு எதிரே வருபவர் கண்ணையும் கூசவைத்து விபத்தில் கொண்டுபோய் விடும். அந்தச் செலவை நீதான் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒயரை வெட்டி ஒட்டினால் அந்த ஒயரிங்குக்கு வாரண்டி கேட்க முடியாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவை ரீமேப் செய்தால், அதாவது அதன் புரோகிராமை மாற்றினால், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாமே சந்தேகத்துக்குள் வந்துவிடும். பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றினாலும், அதில் கை வைத்த தடயம் சில கார்களில் அப்படியே இருக்கும். ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும்.

இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் அமெரிக்காவின் 1975ஆம் வருட மேக்னசன்–மாஸ் வாரண்டி சட்டத்தை இங்கே எடுத்துப் பேசுகிறார்கள். அது இங்கே செல்லாது. நம் நாட்டிலேயே பேசத் தகுந்த ஒன்று இருக்கிறது. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. காரை வெளியே ரிப்பேர் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, வெளிவேலையால் ஏற்பட்ட சேதம் வரைக்கும்தான் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. உத்தரவு பேசியது ரிப்பேரைப் பற்றி, மாடிஃபிகேஷனைப் பற்றி நேரடியாக அல்ல. இருந்தாலும் எது எதைக் கெடுத்தது என்று காட்டிவிட்டுத்தான் வாரண்டியை மறுக்க வேண்டும் என்கிற அந்த நியாயம் இதற்கும் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காக எதையும் மாற்றலாம் என்று நினைத்துவிட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சிஎன்ஜி கிட் மாட்டினால்கூட ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது பணம் கொடுத்து வாங்கும் தனி ஒப்பந்தம். பல நேரம் அதன் பின்னால் இருப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக அதில் வராது. ஒரு சர்வீஸ் தவறினாலே மறுக்க இடமுண்டு. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தச் சிறு புத்தகத்தில் 'வராதவை' என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். விற்பவர் அந்தப் பக்கத்தை உங்களுக்குத் திறந்து காட்ட மாட்டார்.

எஸ்டிமேட்டையும் வரி வரியாகப் பாருங்கள். தம்பியின் 23,000 ரூபாயில் இன்ஜெக்டர் கிளீனிங்கும் ஏசி கிருமி நீக்கமும் இருந்தன. அவன் இரண்டையும் கேட்கவே இல்லை. அந்த இரண்டு வரிகளை அடித்ததிலேயே, லேபர் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து, மூவாயிரத்துக்கு மேல் குறைந்தது. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டும் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

தம்பி இப்போது கம்பெனி பல்பையே மாட்டியிருக்கிறான். காரோடு வந்த பழைய ஸ்டீரியோ, பில்லோடு அவன் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.